நோட்டின் பின்பக்கம்

உங்கள் அறைக்கு வெளியே கை கழுவும் குழாயை மூடும்போதெல்லாம் சுவருக்குள் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வருகிறது. பிளம்பர் இரண்டு தடவை வந்து வாஷர் மாற்றிவிட்டுப் போனதாக வாசல் காவலர் சொன்னார். வாஷரை மாற்றினால் அது போகாது. ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால், நிறுத்திவிட்டார்கள் என்பது பின்னால் வரும் தண்ணீருக்குத் தெரியாது. அது வந்து முன்னால் நிற்பதன் மேல் மோதும். மோதலால் கூடிய அழுத்தம் ஓர் அலையாகக் குழாய் நெடுகப் பின்னால் ஓடிவிட்டுத் திரும்பி வரும். நீங்கள் கேட்பது அந்தச் சத்தம்தான். மெதுவாக மூடச் சொல்லுங்கள், போதும்.

இதைச் சொல்ல நான் இவ்வளவு தூரம் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் என் பிழைப்பே இதுதான். தண்ணீர் எப்படி நகர்கிறது, மறித்தால் என்ன செய்கிறது என்று முப்பத்தொரு வருடமாகக் காகிதத்தில் கணக்குப் போட்டிருக்கிறேன். வக்கீல் வேண்டாம். நடுவில் யாராவது பேசினால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும். நான் நிதானமாகச் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

சாய்வான கண்ணாடியில் வழியும் தண்ணீரில் ஏன் மடிப்பு மடிப்பாக அலை வருகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. ஆறு வருடம் பிடித்தது. வாய்மொழித் தேர்வுக்கு வந்த பெரியவர், “மழைத் தண்ணி ஜன்னல்ல வழியறதுக்கு ஆறு வருஷமாம்மா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் நீர் ஆய்வு நிலையத்தில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. பிரிவு என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நான் ஒருத்திதான் பிரிவு. மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. மேலே யார் ஏறினாலும் என் தலையில் சுண்ணாம்பு உதிரும்.

அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் என் அக்காவின் கணவர். அங்கேயே பொறியாளர், என் அறைக்கு இரண்டு மாடி மேலே. வாங்கிக் கொடுத்ததை அவர் ஒருநாளும் மறந்ததில்லை, என்னையும் மறக்க விட்டதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், “இவதான் நம்ம வீட்டு கால்குலேட்டர், நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன்” என்பார். நான் அவர்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வற்புறுத்தவும் யாருமில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அப்போது எங்கள் நிலையத்தில் எல்லோருக்கும் இருந்த தலைவலி ஒன்றே ஒன்றுதான். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாயை எவ்வளவு சீக்கிரம் மூடலாம்? சட்டென்று மூடினால் குழாய் வெடிக்கும். அதனால் வால்வை அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி மூடுவார்கள். அதற்குள் உடைப்பெடுத்த தெரு குளமாகிவிடும். நான்கு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு அதற்கு நான் ஒரு விதி கண்டுபிடித்தேன். குழாயின் நீளம், தடிமன், தண்ணீரின் வேகம் மூன்றும் தெரிந்தால் இத்தனை விநாடியில் தாராளமாக மூடலாம் என்று சொல்லிவிடும். நான்கே வரி. கண்டுபிடித்த அன்று அறைக்கு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அத்தானிடம்தான் சொன்னேன்.

இங்கே என் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், எல்லாம் அதில்தான் இருக்கிறது. நான் ஒரு நோட்டை இரண்டு பக்கமிருந்தும் எழுதுவேன். முன்னாலிருந்து எழுதுவது சொன்ன பேச்சுக் கேட்கும் தண்ணீர். நேரான குழாய், ஒரே அளவு, கிளை கிடையாது, காற்று கிடையாது. அப்புறம் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுவது முரண்டு பிடிக்கும் தண்ணீர். முன்பக்கத்துக் கணக்கு எங்கெல்லாம் உதவாது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். படிக்கிற காலத்தில் காகிதத்தை மிச்சம் பிடிக்க ஆரம்பித்தது, அப்படியே கையோடு ஒட்டிக்கொண்டது.

அந்த வருடம் மஞ்சள் காமாலை வந்து ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். திரும்பி வந்தபோது நோட்டு அத்தானிடம் இருந்தது. “கண்ட இடத்துல போட்டு வைக்கிறே. பத்திரமா எடுத்து வச்சேன்” என்றார். நான் நன்றிகூடச் சொன்னேன், அந்த லட்சணத்தில் இருந்தேன். எட்டு மாதம் கழித்து ஆய்வுப் பத்திரிகையில் அந்த விதி வந்தது. மேலே அத்தானின் பெயர். என் முப்பத்தெட்டுப் பக்கமும் வரி பிசகாமல் இருந்தது. கட்டுரையின் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி: ‘கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுத்த என் மைத்துனிக்கு நன்றி.’

மைத்துனிக்கு. பெயர்கூட இல்லை.  அந்த ஒரு வரியை நான்கைந்து தடவை படித்தேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. “இப்ப என்ன குடி முழுகிப்போச்சு? அவர் பேர் வந்தா என்ன, உன் பேர் வந்தா என்ன? எல்லாம் ஒரே வீட்டுக்குள்ளதானே இருக்கு. நீ கணக்குப் போடறவ, இன்னொண்ணு போட்டுக்கோ. எனக்கு இருக்கறது ஒரே புருஷன்டி” என்றாள். சாப்பிடும்போது அத்தானே பேச்சை எடுத்தார். “கணக்கு ஆயிரம் பேர் போடுவான். அதை வெளிய கொண்டுபோக ஒரு ஆள் வேணும். கால்குலேட்டருக்குக் கோவம் வந்துடுச்சு போலிருக்கே” என்று சிரித்துக்கொண்டே என் தட்டில் பரிமாறினார். நான் சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மாடியில் உட்கார்ந்து கட்டுரையையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டேன். அப்போதுதான் கவனித்தேன். மனிதர் நோட்டைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. பின்பக்கத்தில் என் பதினொரு பக்கம் தொட்டது தொட்டபடி இருந்தது.

அந்தப் பதினொரு பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எளிதாகச் சொல்கிறேன். பெரிய குழாயிலிருந்து ஒல்லியாக ஒரு கிளை பிரிகிறது. அதன் முனை முட்டுச்சந்து மாதிரி அடைத்திருக்கிறது. அதைத்தான் முட்டுக்குழாய் என்போம். பெரிய குழாயை வேகமாக மூடினால் கிளம்பும் அலை அந்தக் கிளைக்குள்ளும் புகும். முனையில் முட்டி நிற்கும்போது கூடுதல் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். பெரிய குழாய்க்கு ஒன்றும் ஆகாது. வால்வுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கும் ஒன்றும் ஆகாது. கிலோமீட்டர் கணக்கில் தள்ளி, அந்த முட்டு முனையில்தான் ஆகும். முனை திறந்திருந்தால் தண்ணீர் வெளியே போய்விடும், பயமில்லை. மூடியிருந்தால் மட்டும்தான்.

அன்றைக்கே அந்தப் பதினொரு பக்கத்தைப் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் என்ன ஆகும்? ‘ஒரு சிறு திருத்தம்’ என்று போடுவார்கள். அத்தானுக்கு ஒரு வாரம் முகம் தொங்கும். எனக்கு அது போதவில்லை. அவர் பெயர் எவ்வளவு உயரம் போகுமோ போகட்டும், விழும்போது ஊருக்கே சத்தம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. நோட்டை மூடி அலமாரியில் வைத்தேன். அப்புறம் கீழே போய் அக்காவுக்கு மீதித் துணியை மடித்துக் கொடுத்தேன்.

பத்தொன்பது வருடம் காத்திருந்தேன். அந்த விதிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். மாணவர்கள் பரீட்சையில் அவர் பெயரை எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். அவர் நிலையத்தின் இயக்குநர் ஆனார். அந்த விதியை வைத்து இருபத்தாறு குழாய்த் திட்டங்கள் போட்டார்கள். ஒவ்வொன்றும் என் மேஜைக்கு வந்தது, ஒவ்வொன்றையும் ஒழுங்காகச் சரிபார்த்தேன். எல்லாம் நேர்க்குழாய், அல்லது கிளை முனையில் தொட்டி இருந்தது. தொட்டி இருந்தால் அலை அடங்கிவிடும். ஒரு காகிதத்திலாவது நான் பொய்க் கையெழுத்துப் போட்டதாக யாராலும் காட்ட முடியாது.

இருபத்தேழாவது திட்டம்தான் நீங்கள் விசாரிக்கும் திட்டம். இன்னும் கட்டாத ஒரு குடியிருப்புக்காக முன்கூட்டியே மூன்று கிலோமீட்டர் கிளை போட்டு வைத்திருந்தார்கள். ஒல்லிக் குழாய். முனையில் ஒரு வால்வு, ஒரு அழுத்தமானி, அவற்றைச் சுற்றிக் குளியலறை அளவில் ஒரு அறை. வரைபடத்தை விரித்ததும் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயம் என்று எழுதாதீர்கள். சந்தோஷம்தான்.

அத்தானுக்கு ஓய்வு பெற இரண்டே மாதம் இருந்தது. இந்தக் குழாயை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நான்கே விநாடியில் மூடிக் காட்டிவிட்டு விடைபெற வேண்டும் என்று ஆசை. சோதனைக்கு முந்தின வாரம் மூன்று தடவை என் அறைக்கு இறங்கி வந்தார். தலையில் சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே, “எல்லாம் சரிதானே?” என்று கேட்டார். “உங்க விதிப்படி எல்லாம் சரி அத்தான்” என்றேன். மூன்று தடவையும் அதே வார்த்தை. அதில் பொய் இருந்தால் சொல்லுங்கள்.

மூன்றாவது தடவை அவர் உடனே போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “உன் கண்ணுக்கு ஏதாவது பட்டா சொல்லிடு. உன்னைத் தவிர வேற யார்கிட்ட நான் கேக்கறது?” என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் உண்மைக்குப் பக்கத்தில் வந்தது அந்த ஒருமுறைதான். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். சீவி முடித்து அடுத்த தாளை எடுத்தேன்.

இப்போது ஃபிட்டரைப் பற்றி. நிலையத்தில் அவரை எல்லோரும் பல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்நேரமும் குழாயில் காதை வைத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருப்பார். ஏதாவது சரியில்லை என்றால் நாக்கால் ‘ச்ச்’ கொட்டுவார். நான் மட்டும் மரியாதையாக ஃபிட்டர் என்பேன். நல்ல மனிதர். நான் என்ன எழுதுகிறேன் என்று நிலையத்தில் கேட்டவர் அவர் ஒருவர்தான். “இந்தக் கோடெல்லாம் தண்ணியா மேடம்?” என்பார். பெண்ணுக்குப் பின்னக் கணக்கு வரவில்லை என்று இரண்டு மூன்று தடவை அழைத்து வந்திருக்கிறார், சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர்மேல் எனக்குத் துளி வருத்தம் கிடையாது.

சோதனைக்கு இரண்டு நாள் முன்னால் அவர் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரத் தயங்கினார்.

“மேடம், அந்த முட்டுக்குழா எனக்குப் பிடிக்கல. மெயின்ல ஆளை விட்டுச் சுத்தியால தட்டச் சொல்லிட்டு முனையில காது வச்சேன். தட்டினதை விட இங்க பெருசா கேக்குது. அது எப்படி மேடம், போகப்போகக் கொறையத்தானே வேணும்?”

நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். நான்கு வருடமும் பதினொரு பக்கமும் ஆன ஒரு விஷயத்தை அந்த மனிதர் ஒரு சுத்தியலையும் ஒரு காதையும் வைத்துக்கொண்டு பிடித்துவிட்டார். எனக்குத் தெரிந்த ஒன்று இன்னொருவருக்கும் தெரியும் என்றானது பத்தொன்பது வருடத்தில் அன்றுதான். எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல இருந்தது. “சின்னக் குழாய்ல அப்படித்தான் கேக்கும், கவலைப்படாதீங்க” என்றேன். “நீங்க சொன்னாச் சரி” என்று போய்விட்டார்.

சோதனை காலை பதினொரு மணிக்கு. அத்தானும் விருந்தாளிகளும் பெரிய வால்வு அருகே பந்தல் போட்டு நின்றார்கள். கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசியோடு நான். பத்தே முக்காலுக்கு முட்டு முனையிலிருந்து ஃபிட்டர் கூப்பிட்டார்.

“மேடம், முனை வால்வத் தொறந்து விட்டிருக்கேன், தண்ணி ஓடையில போவுது. இப்படியே இருக்கட்டுமா, மூடணுமா? சோதனைக்குக் குடுத்த தாள்ல ஒண்ணுமே போடலியே.”

தாளில் எப்படி இருக்கும்? அத்தானின் விதியில் கிளையே கிடையாதே. அவர் திறந்து வைத்திருந்தார், கவனியுங்கள். தானாகவே, காதை நம்பித் திறந்து வைத்திருந்தார். ‘அப்படியே இருக்கட்டும்’ என்று நான் சொல்லியிருந்தால் போதும். பதினொரு மணிக்கு எல்லோரும் கைதட்டியிருப்பார்கள், அத்தானுக்கு மாலை விழுந்திருக்கும்.

“மூடிடுங்க” என்றேன்.

அதுவரை நான் எதையும் செய்ததில்லை, சும்மா இருந்தேன், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைதான் என் செய்கை. அதை ஒப்புக்கொள்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தினமும் அந்த நேரத்துக்கு அவர் டீ குடிக்கப் போவார். அன்றும் அதையேதான் சொன்னார். “மூடிட்டேன் மேடம். அப்ப நான் ஒரு டீ அடிச்சிட்டு வந்துடறேன்.” அவர் போயிருந்தால் அறை வெடித்திருக்கும், இரும்பும் சிமெண்டும் போயிருக்கும், அத்தானின் பெயரும் போயிருக்கும். ஒரு உயிர்கூடப் போயிருக்காது. என் மனதில் முதலில் இருந்த ஏற்பாடு அதுதான். நான் ஒன்றும் ராட்சசி இல்லை.

ஆனால் அங்கே இருந்தது முள் வைத்த சாதாரண மானி. தானாக எழுதும் மானி பெரிய வால்வில் மட்டும்தான் வைத்திருந்தார்கள். அறை வெடித்தால் மானியும் சேர்ந்து போகும். எண் கிடைக்காது. எண் இல்லாவிட்டால் என்ன சொல்வார்கள்? வெல்டிங் சரியில்லை, இரும்பு மட்டம் என்பார்கள். அத்தான் தப்பித்துவிடுவார். என் பதினொரு பக்கம் வெறும் காகிதமாகவே இருக்கும். வெடிப்பதற்கு முன்னால் அந்த முள்ளைப் பார்த்து ஒருவர் எனக்குச் சொல்லியாக வேண்டும். அதற்கு அவரை விட நல்ல கண் நிலையத்தில் யாருக்கும் கிடையாது.

“டீ அப்புறம் குடிச்சுக்கலாம். ஃபோனை வைக்காதீங்க. மானிக்குப் பக்கத்துல நின்னு முள் எவ்வளவு போகுதுன்னு பார்த்துச் சொல்லுங்க” என்றேன்.

“சரி மேடம்” என்றார்.

நான் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசி வரிக்குக் கீழே பென்சிலை வைத்துக்கொண்டேன். தூரத்தில் கைதட்டல் கேட்டது. அத்தான் மூடிவிட்டார். அலை வந்து சேரச் சில விநாடி ஆகும். ஃபிட்டர் தொண்டையைச் செருமினார். அப்புறம் சொன்னார்.

“நாலுல இருந்துச்சு மேடம். ஏறுது. பத்து. பதினேழு. இருபத்து மூணு. மேடம், இது...”

நாக்கால் ‘ச்ச்’ என்று கொட்டினார். அப்புறம் ஒரு சத்தம், அப்புறம் வெறும் தண்ணீர்ச் சத்தம், அப்புறம் தொலைபேசி செத்துவிட்டது. என் கணக்குப்படி வர வேண்டியது இருபத்து மூன்று புள்ளி மூன்று. அந்த மானியில் அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியாது. இருபத்து மூன்று என்று எழுதினேன். மணியையும் எழுதினேன்.

அத்தான் இப்போது யாரையும் பார்ப்பதில்லை. வீட்டுக்குள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். அக்கா மாடிக்கு ஏறி வந்து, “அந்தக் குடும்பத்துக்கு என்னடி பதில் சொல்றது? அவர் கையால ஒரு உயிர் போயிடுச்சே” என்று அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

நான் ஏன் வந்தேன் என்று கேட்டீர்களே. மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் விசாரணை அறிக்கையின் வரைவை நிலையத்துக்கு அனுப்பினீர்கள். கணக்குப் பிரிவு என்பதால் என் மேஜைக்குத்தான் வந்தது. ஏழாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்: ‘கிளைக் குழாயில் இவ்வாறு நேரும் என்பது இதுவரை எவரும் அறியாதது. ஆகவே எவர் மீதும் குற்றம் காண இயலாது.’ அதையும் அந்தப் பழைய பத்திரிகை வரி மாதிரியே நான்கைந்து தடவை படித்தேன். எவரும் அறியாததா? பத்தொன்பது வருடமாக நான் அறிவேன். தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். இதோ நோட்டு, திருப்பிப் பாருங்கள். அந்த வரியைத் திருத்துங்கள். அதற்குத்தான் வந்தேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். வேலை முடிந்ததும் நோட்டை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சிறையில் காகிதமும் பென்சிலும் தருவார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பதினொரு பக்கத்தையும் இந்த அளவையும் சேர்த்து ஒரு கட்டுரையாக எழுதி அனுப்பப் போகிறேன். இந்தத் தடவை என் பெயரில். மானியைப் பார்த்துச் சொன்னவரையும் விட்டுவிட மாட்டேன், நான் அப்படிப்பட்டவள் இல்லை. அவர் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது, கேட்டதில்லை. பரவாயில்லை. அடியில், பொடி எழுத்தில், ‘அளவு பார்த்துச் சொன்ன ஃபிட்டருக்கு நன்றி’ என்று ஒரு வரி போட்டுவிட்டால் போயிற்று.